எழுத்துக்கு முன் காது: பிள்ளைகளின் வாசிப்புக்காகத் தினம் பத்து நிமிடம்

(திருவெண்ணெய்நல்லூரில் நம் அறக்கட்டளை கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் பேசப்பட்ட உரை)



அன்புள்ள பெற்றோர்களே, மக்தப் உஸ்தாதுமார்களே, மாலை வகுப்பில் பாடம் சொல்லித்தரும் சகோதரிகளே! மஃரிபுக்குப் பிறகு வீட்டில் எத்தனை வேலை இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

கல்வி உதவித்தொகை பற்றியோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பற்றியோ இன்று நாங்கள் பேசப்போவதில்லை. அதற்கெல்லாம் முந்திய ஒரு விஷயத்தைப் பேசப்போகிறோம். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஏன் திணறுகிறார்கள், அதற்கு வீட்டிலேயே நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நம் மாலை வகுப்புக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். சின்ன சூராக்கள் பல மனப்பாடம். கணக்கில் கெட்டிக்காரன். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும், படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கத்தையே ஒப்பித்துவிடுவான். படத்தைக் கையால் மறைத்தால் வாய் நின்றுவிடும். தனித்தனியாகக் கேட்டால் 'மா' என்பான், 'டு' என்பான். சேர்த்துப் படி என்றால் 'மாலை' என்பான், இல்லையென்றால் சும்மா நிற்பான்.

நாங்கள் என்ன செய்தோம்? எழுதவைத்தோம். க வரிசை பத்து முறை, ச வரிசை பத்து முறை. மூன்று மாதத்தில் இரண்டு நோட்டு தீர்ந்தது. வாசிப்பு வந்தபாடில்லை. ஒருநாள் அவன் அம்மா வந்தார். "மூத்தது ரெண்டும் நல்லாப் படிக்குதுங்க. இவன் மட்டும் மக்குங்களா?" என்று அவனை வைத்துக்கொண்டே கேட்டார். நாங்கள் 'இல்லை' என்று உடனே சொல்லவில்லை. பேசாமல் இருந்தோம். அந்த மௌனத்துக்காக இன்றுவரை வருந்துகிறோம்.

அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் நமக்கு உதவிக்கு வந்தார். புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னார். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாடு, மரம், காகம். இந்த மூணுல எது தனியாப் போகுது?" என்று கேட்டார். பையன் யோசித்துச் சொன்னான்: "மரம். அது நடக்காது."

அங்கேதான் எங்களுக்கு விளங்கியது. அவன் சொன்னது அறிவான பதில். மாடும் காகமும் உயிருள்ள பிராணிகள், நடமாடுபவை. மரம் நின்ற இடத்தில் நிற்பது. ஆனால் ஆசிரியை கேட்டது சத்தத்தை. மாடு, மரம் இரண்டும் 'ம்' என்று தொடங்குகின்றன, காகம் அப்படித் தொடங்கவில்லை. பையனின் காதில் பொருள் விழுந்தது, சத்தம் விழவில்லை. ஒரு சொல் பல சிறு சத்தங்களால் ஆனது என்பதை அவனுக்கு யாரும் காட்டித்தரவில்லை. அதைக் காட்டாமலேயே எழுத்தைத் திணித்தோம்.

காதுப் பாடம் என்றால் என்ன?

பேசுவதற்குச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 'பால் குடு' என்று இரண்டு வயதுக் குழந்தை சொல்கிறது. 'பால்' என்பதில் ப், ஆ, ல் என்று மூன்று சத்தம் இருப்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் படிப்பது வேறு. எழுத்து என்பது சத்தத்துக்குப் போட்ட அடையாளம். சத்தமே தனியாகக் காதில் பிடிபடாத பிள்ளைக்கு, அடையாளம் எதற்கு என்று புரியாது. அது எழுத்தைப் படமாகத்தான் பார்க்கும். நம் பையன் செய்தது அதைத்தான்.

சொல்லை அசையாகப் பிரிப்பது, ஒரே சத்தத்தில் தொடங்கும் சொற்களைக் கண்டுபிடிப்பது, சத்தத்தைச் சேர்ப்பது, ஒன்றை எடுப்பது, மாற்றுவது ஆகிய இந்தத் திறமையைக் கல்வியாளர்கள் 'ஒலியன் விழிப்புணர்வு' என்கிறார்கள். நாங்கள் எங்கள் வகுப்பில் 'காதுப் பாடம்' என்று சொல்கிறோம். அமெரிக்காவில் வாசிப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்துப்பிழையில்லாமல் எழுதுவதும் மேம்படுகின்றன, சிறு குழுவாக வைத்து எழுத்தோடு சேர்த்துச் சொல்லித்தந்தால் பலன் கூடுகிறது என்று அது சொல்கிறது.

அது ஆங்கிலம், நம் மொழிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் என்ற ஆய்வாளர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தைப் போல உயிர்மெய் முறையில் அமைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அசையைப் பிரிக்கும் திறமை சீக்கிரம் வந்துவிடுகிறது. அசைக்குள்ளே இருக்கும் தனிச் சத்தத்தைப் பிரிக்கும் திறமை மெதுவாகத்தான் வருகிறது. எழுத்து முழுவதும் கைவசமாக மூன்றாம், நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது. ஆகவே இரண்டாம் வகுப்பில் திணறும் பிள்ளையைப் பார்த்து அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

தமிழைப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. இத்தனையையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்யச் சொன்னால் பெரியவர்களே தடுமாறுவோம். ஆனால் 'க்' என்ற சத்தமும் 'ஆ' என்ற சத்தமும் சேர்ந்தால் 'கா' என்று காதில் பிடித்த பிள்ளைக்கு, 216-ம் ஒரே கணக்கு. ஒரு வரிசை புரிந்தால் அடுத்த வரிசை தானே வரும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நாம் மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்றுதான் சொல்லிப் பழக்குகிறோம். 'இம்' என்பது ம் எழுத்தின் பெயர் போன்றது, அதன் சத்தம் அல்ல. 'இம்'-ஐயும் 'ஆ'-வையும் சேர் என்றால் பிள்ளை 'இம்மா' என்கிறது. அதைத் திட்டுகிறோம். அது சொன்னது சரிதானே! வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுத்துக் காட்டிவிட்டு, அதே மூச்சில் 'ஆ' என்று திறந்தால் 'மா' தானாக வரும். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 'சி, ஏ, டி' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால் 'கேட்' என்ற சொல் எங்கிருந்து வரும்? பெயர் வேறு, சத்தம் வேறு.

மக்தபில் ஏற்கெனவே இருக்கிறது

இதெல்லாம் புதிதாக வெளியிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். நம் மக்தபுகளில் கேட்கும் சத்தத்தையே நினைத்துப் பாருங்கள். "பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு." இது என்ன? ப் + அ = ப, ப் + இ = பி, ப் + உ = பு. அதே உயிர்மெய்க் கணக்கு! ஜபர், ஜேர், பேஷ் மூன்றும் நம் குறில்களின் வேலையைச் செய்கின்றன. சுக்கூன் வந்தால் மெய்யெழுத்தின் புள்ளி. தஷ்தீத் வந்தால் 'அப்பா', 'அண்ணா' என்பதில் வரும் இரட்டை அழுத்தம். மத்து வந்தால் நெடில். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ் இலக்கணம் சொல்கிறது. இயல்பான மத்தை இரண்டு ஹரகத் அளவு நீட்ட வேண்டும் என்று தஜ்வீத் சொல்கிறது.

ஸீன், ஸாத், ஸே மூன்றும் வேறு வேறு என்று நாவை எங்கே வைப்பது முதற்கொண்டு ஹஜ்ரத் காட்டித்தருகிறார். அதுதான் மஹ்ரஜ். தொல்காப்பியத்திலும் 'பிறப்பியல்' என்று ஓர் இயல் இருக்கிறது. எந்தச் சத்தம் நாக்கு, பல், உதடு, அண்ணம் ஆகியவற்றில் எங்கே பிறக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. நம் முன்னோர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதை அர்வி என்கிறோம். அரபியில் இல்லாத ழ, ள, ண, ங, ஞ போன்ற சத்தங்களுக்கு, அரபு எழுத்திலேயே புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்து ஆக்கிக்கொண்டார்கள். சத்தத்தை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காது இருந்திருந்தால்தானே அது முடியும்? அந்தக் காதின் வாரிசுகள்தான் நம் பிள்ளைகள்.

ஆனால் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். 'மீம் ஜபர் ம' என்பதையும் பாட்டுப்போல ஒப்பித்துவிட முடியும். சூராவைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டு, விரலை வேறு எங்கோ வைத்துக்கொண்டு ஓதும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. மனப்பாடம் பெரும் பாக்கியம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அதோடு, 'மீம்' என்பது பெயர், 'ம்' என்பது சத்தம், அதோடு ஜபர் சேர்ந்ததால் 'ம' ஆனது என்பதை உஸ்தாதுமார்கள் அரை நிமிடம் நிறுத்திக் கேட்கவைத்தால், ஓதலும் திருந்தும், தமிழ் வாசிப்பும் திறக்கும். ஒரே உழைப்பில் இரண்டு பலன்.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடிய ஆறு விளையாட்டுகள்

எதற்கும் புத்தகம் வேண்டாம். செலவு இல்லை. எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகச் சொல்கிறோம். ஒரு விளையாட்டு நன்றாகப் பிடிபட்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

ஒன்று, பெயருக்குக் கைதட்டு. வீட்டில் உள்ளவர்களின் பெயரை அசை அசையாகச் சொல்லிக் கைதட்டுங்கள். ஃபா-தி-மா, மூன்று தட்டு. இப்-ரா-ஹீம், மூன்று தட்டு. ஜை-னப், இரண்டு. நூர், ஒன்று. "நம்ம வீட்டுல யார் பேருக்கு அதிகத் தட்டு?" என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தையும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு, சேராத சொல். பட்டம், வட்டம், சட்டம், மாடு என்று சொல்லி எது சேரவில்லை என்று கேளுங்கள். முதலில் முடிவுச் சத்தம் ஒத்துப்போகும் சொற்களைச் சொல்லுங்கள். பிறகு தொடக்கச் சத்தத்துக்கு வாருங்கள்: மீன், மிளகாய், மஞ்சள், கத்திரிக்காய். பிள்ளை பொருளை வைத்துப் பதில் சொன்னால் திட்டாதீர்கள். "அதுவும் சரிதான். இப்போ சத்தத்தை மட்டும் கேளு" என்று சொல்லி 'ம்ம்ம்' என்று இழுத்துக் காட்டுங்கள்.

மூன்று, குறிலா நெடிலா. கல், கால். பல், பால். முடி, மூடி. கொடி, கோடி. எடு, ஏடு. குறில் வந்தால் கையை மூட வேண்டும், நெடில் வந்தால் கையை விரிக்க வேண்டும். பரீட்சையில் துணைக்கால் விட்டுவிடும் பிள்ளைகளில் பலருக்குக் கை தவறவில்லை, காதுதான் தவறுகிறது. இந்த விளையாட்டு அதைச் சரிசெய்யும்.

நான்கு, ஒட்டவைத்தல். நீங்கள் மெதுவாக 'ப்… ஆ… ல்' என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை 'பால்' என்று சேர்க்க வேண்டும். க்… அ… ண். வ்… ஆ… ய். ம்… ஈ… ன். சமைத்துக்கொண்டே செய்யலாம். "அந்த உ… ப்… ப்… உ எடுத்துட்டு வா" என்றால், ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்துவரும்.

ஐந்து, ஒளிந்திருக்கும் ஆடு. எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதுதான் உயிர். 'மாடு' என்பதில் 'ம்' சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? ஆடு! 'காடு' என்பதில் 'க்' போனால்? ஆடு! 'நாடு', 'பாடு' எல்லாவற்றிலும் ஆடு ஒளிந்திருக்கிறது. அதேபோல 'சிலை'யிலும் 'விலை'யிலும் இலை ஒளிந்திருக்கிறது. 'வலை', 'மலை', 'தலை' மூன்றிலும் அலை. 'நூர்' என்ற பெயரில் 'ஊர்' இருப்பதை ஒரு சிறுமிதான் எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னாள். உயிர்மெய்யை உடைத்துப் பார்க்கும் இந்தத் திறமைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், கடினமும் இதுதான். ஒரு வாரத்தில் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

ஆறு, புளியங்கொட்டை. தரையில் சாக்கட்டியால் வரிசையாக நான்கு கட்டம் போடுங்கள். 'ஆடு' என்று மெதுவாகச் சொல்லி, ஆ, ட், உ என்று சத்தத்துக்கு ஒரு கொட்டையாக மூன்றைக் கட்டத்துக்குள் தள்ளட்டும். இப்போது 'மாடு'. முன்னால் ஒரு கொட்டை கூடுகிறது. அதுதான் 'ம்'. அந்தக் கொட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, இது 'க்' என்றால் 'காடு'. காதில் கேட்டது கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறது. எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் ஏற்படுத்திய முறை இது. இரண்டு மூன்று நாள் கழித்து, கொட்டையின் இடத்தில் எழுத்து அட்டையை வைக்கலாம். காதிலிருந்து எழுத்துக்குப் போகும் பாலம் அதுதான். காதுப் பாடத்தை எழுத்தில்லாமல் தொடங்கலாம், எழுத்தில்லாமலேயே முடித்துவிடக் கூடாது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், முதல் மூன்றையும் எல்லோரையும் வைத்துச் செய்யலாம். கடைசி மூன்றை ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக வைத்துச் செய்ய வேண்டும். கூட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கத்துவார்கள், தெரியாத பிள்ளை வாயசைத்துவிட்டுத் தப்பித்துவிடும். நம் பையன் மூன்று வருடம் அப்படித்தான் தப்பித்திருக்கிறான்.

நம் வீடுகளில் எழும் சில கேள்விகள்

"எங்கள் வீட்டில் உருதுதான் பேசுகிறோம், பள்ளியில் தமிழ். என்ன செய்வது?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். முதல் நான்கு விளையாட்டையும் உருதுவிலேயே தொடங்குங்கள். சொல்லைச் சத்தமாகப் பிரிக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்தால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். ல, ள, ழ மூன்றும் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சி கேட்கும். அலை, அளை, அழை என்று நாவின் இடத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். ஸீனுக்கும் ஸாதுக்கும் நா இடம் மாறுவது தெரிந்த பிள்ளைக்கு இது விளங்காமல் போகாது.

"எனக்கே படிக்கத் தெரியாதே" என்று ஒரு பாட்டி சொன்னார். இந்தப் பாடத்துக்குப் படிப்பு வேண்டாம். காது இருந்தால் போதும். விடுகதையும் பழமொழியும் தாலாட்டும் தெரிந்த பாட்டிமார்கள்தான் இதற்கு முதல் ஆசிரியர்கள்.

"பிள்ளையின் அத்தா வளைகுடாவில் இருக்கிறார்." அவருக்கும் வேலை உண்டு. இரவு போனில் பேசும்போது 'நல்லாப் படிக்கிறியா?' என்று கேட்டால் 'ம்' என்ற ஒரு பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, "நான் ஒரு சொல் சொல்றேன், அதுல ஆடு எங்கே ஒளிஞ்சிருக்கு சொல்லு" என்று கேட்கட்டும். புத்தகம் வேண்டாத பாடம் என்பதால் போனிலேயே நடக்கும். தூரத்தில் இருக்கும் தகப்பனும் பிள்ளையின் படிப்பில் பங்குதாரராகிவிடுகிறார்.

"அரசுப் பள்ளியில் இதெல்லாம் உண்டா?" உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி. அந்த இழப்பைச் சரிக்கட்ட வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை, 2021 அக்டோபர் 27-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கத்தில் உள்ள முதலியார்குப்பத்தில். அடுத்து 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை வயதை வைத்துப் பார்க்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். பாட்டு, பொம்மை, படஅட்டை என்று செயல்வழியாகவே பாடம் நடக்கும். பள்ளிக்குப் போகும்போது "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது? வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அரும்பு என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரும்பாமல் எந்தப் பூவும் மலர்வதில்லை.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, காதையே சோதித்துப் பாருங்கள். அடிக்கடி சளி, காதில் சீழ், டிவியைச் சத்தமாக வைப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, இவை இருந்தால் பிள்ளைக்குக் கேட்பதில் குறை இருக்கலாம். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டுங்கள். சத்தமே சரியாக விழாத பிள்ளையை நாம் 'கவனமில்லை' என்று அடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

இரண்டாவது, மாதக்கணக்கில் இந்தப் பயிற்சி கொடுத்தும் சத்தம் பிடிபடவில்லை, எழுத்து மாறி மாறித் தெரிகிறது என்றால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்பார்கள். அது அறிவுக் குறைவு அல்ல. சென்னையில் 1991 முதல் இதற்கென்றே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இயங்குகிறது. தேர்வில் இப்பிள்ளைகளுக்கு அரசின் சலுகைகளும் உண்டு. மறைத்து வைக்காமல் பள்ளியிலும் எங்களிடமும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பிள்ளையை வைத்துக்கொண்டு 'மக்கு' என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். ம், அ, க், க், உ. ஐந்தே சத்தம்தான். சத்தம் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்தச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும்.

நாங்கள் கேட்பது

நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீயே ஓதுவதைப் பற்றியது என்பது நாம் அறிந்ததே. பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தும் ஈட்டுத்தொகை கொடுக்க வழியில்லாதவர்கள், மதீனாவின் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் விடுதலை என்று ஏற்பாடு செய்யப்பட்டதாக சீறா நூல்களில் வருகிறது. நெருக்கடியான நாட்களிலும் பிள்ளைகளின் எழுத்தறிவுக்கு அந்தச் சமுதாயம் கொடுத்த விலை அது. நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு இல்லை, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

வீட்டில் உணவுக்கு முன்னோ தூங்கும் முன்னோ, பத்து நிமிடம் மட்டும். அதற்கு மேல் வேண்டாம், விளையாட்டு தண்டனையாகிவிடும். மக்தபில் பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்க உஸ்தாதுமார்களை வேண்டுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரியும் படித்து வீட்டில் இருக்கும் சகோதரிகள், வாரம் இரண்டு மாலை நம் வகுப்புக்கு வந்தால், ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று குழு பிரிக்க முடியும். இன்று கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். முதல் ஒரு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை. நாங்களே சந்தேகப்பட்டோம், ஆசிரியை சந்தேகப்படவில்லை. இரண்டாவது மாதம் அவனாகவே 'வீடு' என்பதில் 'ஈடு' இருக்கிறது என்றான். 'ஈடு'ன்னா என்ன என்று எங்களையே திருப்பிக் கேட்டான். நான்கு மாதம் கழித்து ஒருநாள், கடைவீதியில் அம்மாவோடு போகும்போது ஒரு பலகை முன்னால் நின்று, விரலை நீட்டி, 'பா… ல்… பால்' என்றானாம். அந்தத் தாய் அன்று மாலையே வகுப்புக்கு வந்தார். முன்பு கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்காமலேயே, அன்று சொல்லாமல் விட்ட 'இல்லை' என்ற பதிலை நாங்கள் பையனின் எதிரிலேயே சொன்னோம்.

இன்றும் அவன் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால் படத்தைப் பார்க்காமல் படிக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக. அவர்களின் செவியையும் பார்வையையும் நாவையும் நன்மைக்கே உரியதாக ஆக்குவாயாக. அவர்களுக்குக் கற்பிப்பதில் எங்களுக்குப் பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.